கொல்லை ஓரத்தில் தரையில் மறைவு போட்டுப் புள்ளிமானைப் படமெடுப்பது எப்படி? (அஞ்செட்டிப் பக்கம்)

கொள்ளுக்காட்டான்:

வணக்கம். எங்கள் ஊர் அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கொல்லையின் கிழக்கு வரப்போடு பட்டா நிலம் முடிகிறது. அதைத் தாண்டினால் ஒரு வறண்ட ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. வேலி என்று பெரிதாக எதுவும் இல்லை, முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறோம். மேல்கொல்லையில் ராகி, ஓடையை ஒட்டிய சரிவில் கொள்ளு.

கொள்ளு துளிர்விட்டால் போதும், புள்ளிமான் வந்துவிடும். அப்பா தகரத்தைத் தட்டுவார், கத்துவார், அது நாலு அடி ஓடிவிட்டுத் திரும்பி வரும். எனக்கு அதை விரட்டுவதைவிடப் படம் எடுக்கத்தான் ஆசை. ஓசூரில் ஒருவரிடம் பழைய கேமராவும் 300 மி.மீ. லென்சும் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்தால் மான் பழுப்பாக ஒரு பொட்டுதான். கிட்டப் போனால் நிற்பதில்லை.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தரையிலேயே சின்னக் கூடாரம் அடித்து, உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிற வீடியோக்களைப் பார்த்தேன். கிரவுண்ட் பிளைண்ட் என்கிறார்கள். மான் ஜன்னலுக்கு எதிரே வந்து சாவகாசமாக மேய்கிறது. நம் பக்கம் ராகிக் காவலுக்குப் பரண் கட்டுவார்கள், அது மேலே. தரையில் இப்படி யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சரி, செய்து பார்ப்போம் என்று நாலு மூங்கில் நட்டு, பாலிஹவுஸில் கழித்துப்போட்ட பச்சை நிழல்வலையைச் சுற்றிக் கட்டினேன். கிழக்கு வரப்பில், ஓடையைப் பார்த்தபடி. ஆவணி மாதம், சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே போய் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு மேல் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டை மான் தலையைத் தூக்கியது. முன்னங்காலைத் தரையில் இரண்டு முறை தட்டியது. வாலைத் தூக்கி ஒரு கூவல். அவ்வளவுதான், புதருக்குள் இருந்த மொத்தக் கூட்டமும் போய்விட்டது. அடுத்தடுத்து உட்கார்ந்ததிலும் இதே கதை. நான் அசையவே இல்லை, சத்தியமாக.

எதனால் கண்டுபிடிக்கிறது? கூடாரத்தை எங்கே போடலாம்? உப்புக்கட்டி வைத்தால் வருமா? யானை வரும் என்று அம்மா பயப்படுகிறார். சுற்றிலும் கம்பி இழுத்து கரண்ட் விடலாம் என்கிறான் என் மச்சான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர்க்காரன்:

மறைவு, உப்பு, கரண்ட். மூன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதிவை வனத்துறை ஆள் யாராவது படித்தால் கேமராவைப் பற்றி யோசிக்கவே மாட்டார், நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுடுவது மட்டும் இல்லை. பொறி வைப்பது, விரட்டிப் பிடிப்பது, இரை வைத்து இழுப்பது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, எல்லாமே அந்த வரையறைக்குள் வரும். உப்புக்கட்டியை மறந்துவிடுங்கள்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீஸ் எத்தனை தடவை சொல்லியிருக்கிறது! அப்படிப்பட்ட ஊரில் காட்டோரம் ஒரு ஆள் கூடாரத்துக்குள் ஒளிந்து உட்கார்ந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

கொள்ளுக்காட்டான்:

நியாயம்தான் அண்ணா. உப்பு வேண்டாம். எங்கள் பட்டா நிலத்தைத் தாண்டி ஒரு அடி போகவில்லை, போகவும் மாட்டேன். கேமரா மட்டும்தான். கூடாரத்தை மான் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள நினைக்கிறேன்.

டெக்சாஸ் பாலக்கோட்டான்:

தம்பி, சொந்த ஊர் பாலக்கோடு, பல வருடமாக சான் ஆன்டோனியோவில் இருக்கிறேன். இங்கே நண்பர் ஒருவரின் பண்ணையில் இதே கூடாரத்துக்குள் உட்கார்ந்து மான் வேட்டை ஆடுகிறவன். இங்கே சட்டப்படி, உரிமத்தோடு. அதனால் உங்கள் கேள்வியில் பாதிக்கு நான் பதில் சொல்லலாம்.

ஒரு வேடிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற அதே புள்ளிமான் இங்கேயும் இருக்கிறது. 1930களில் டெக்சாஸுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஹில் கன்ட்ரி என்கிற சுண்ணாம்புக்கல் குன்றுப் பகுதியில் தப்பிப் பெருகிவிட்டது. ஆக்சிஸ் என்பார்கள். 2021 பிப்ரவரியில் பெரிய பனிப்புயல் வந்தபோது ஊர் மானான வெள்ளைவால் மான் தாங்கிக்கொண்டது, நம் புள்ளிமான் ஏராளமாகச் செத்தது. வெயில் நாட்டுப் பிராணி, என்ன செய்யும்? இங்கே மெஸ்கீட் மரத்தடியில் அது படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஊர் ஞாபகம்தான். மெஸ்கீட் யார் தெரியுமா? நம் வேலிகாத்தானுக்குப் பங்காளி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அசையவில்லை என்பதை நம்புகிறேன். மான் உங்களைப் பார்க்கவில்லை, மோந்தது.

கூடாரம் கண்ணை மறைக்கும், அதுவும் பாதிதான். மூக்கை மறைக்கவே மறைக்காது. நீங்கள் சொன்னதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கொல்லை மேற்கே, காடு கிழக்கே. ஆவணியில் உங்கள் பக்கம் காற்று எங்கிருந்து வரும்? தென்மேற்கிலிருந்து. உங்கள் முதுகில் பட்டு, உங்கள் வாசத்தை எடுத்துக்கொண்டு, நேராக ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் போகும். போதாததற்குச் சாயங்காலம். வெயில் இறங்கியதும் சரிவில் இருக்கிற காற்று குளிர்ந்து கனத்துப் பள்ளத்தைப் பார்த்து மெல்ல வழியும். பள்ளம் என்பது அந்த ஓடைதான். காற்றே இல்லை என்று நீங்கள் நினைக்கிற நேரத்திலும் உங்கள் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் அந்தப் பெட்டை மானுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். காலைத் தட்டியது ஏன்? வாசம் வந்துவிட்டது, ஆள் எங்கே என்று தெரியவில்லை. தட்டினால் நீங்கள் அசைவீர்கள், அப்போது கண்ணால் பார்த்துவிடலாம் என்று அதற்கு ஒரு கணக்கு.

வீடியோவில் இதைக் காட்டுவதே இல்லை என்பது என் பெரிய குறை. கூடாரம் விற்கிறவன் துணியைக் காட்டுவான், ஜன்னலைக் காட்டுவான், வாசத்தைக் கொல்லும் ஸ்ப்ரே என்று ஒரு பாட்டிலைக் காட்டுவான். அந்தப் பாட்டிலை நம்பி, தன் மேல் பட்ட காற்று மான் பக்கம் போகிற இடத்தில் உட்கார்ந்தவன் எவனும் மான் பார்த்து நான் அறியேன்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அம்மா பார்சலில் அனுப்புகிற விபூதிப் பொட்டலம் ஒன்று எப்போதும் வேட்டைப் பையில் இருக்கும். இங்கே இதற்கென்றே ஒரு பவுடரைக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள், எனக்கு விபூதி போதும். விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து, நெஞ்சு உயரத்தில் கையை நீட்டித் தேய்த்துவிட வேண்டும். கையை விட்டதும் முதல் ஓரடி எங்கே போகிறது என்று பார்த்தால் போதாது. கண்ணைச் சுருக்கி அந்த வெள்ளைத் தூசியை ஐந்தாறு அடி வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். நேராகப் போவது போல இருக்கும், ஒரு கல்லுக்குப் பக்கத்தில் போனதும் சட்டென்று இடது பக்கம் திரும்பிப் பள்ளத்தில் இறங்கும். உங்கள் வாசமும் அதே வழியில்தான் போகும். மான் வரும் பாதையில் அது போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு அங்கே உட்காராதீர்கள். இங்கே வழக்கமாகத் தெற்குக் காற்று. நவம்பரில் வாடை இறங்கினால் ஒரே இரவில் வடக்காகத் திரும்பும். அதனால் பண்ணையில் இரண்டு இடத்தில் கூடாரம் நிற்கும். எதில் உட்காருவது என்பதைக் காலையில் விபூதிதான் முடிவு செய்யும்.

அடுத்தது உங்கள் நிழல்வலை. வெளிச்சம் ஊடுருவும். உங்களுக்குப் பின்னால் மேற்கு வானம், சாயங்கால வெயில். வலைக்குள் உங்கள் தலையும் தோளும் கறுப்பு உருவமாகத் தெரிந்திருக்கும். இங்கே விற்கிற கூடாரங்களில் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. ஜன்னல் ஒரு பக்கம் திறந்தால் பின்பக்க ஜன்னலைக் கட்டாயம் மூட வேண்டும், வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஊடே வரக்கூடாது. உள்ளே உட்காருகிறவனும் கறுப்புச் சட்டை. முகத்துக்கும் கைக்கும் துணி. ஜன்னலை ஒட்டி உட்காராமல் பின்சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும்.

சட்டை நிறம் பற்றி ஒன்று. மானுக்கு நிறம் பார்க்கும் செல்கள் இரண்டு வகை, நமக்கு மூன்று. சிவப்பும் ஆரஞ்சும் அதற்குப் பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது. இங்கே வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு ஜாக்கெட் போடுவது அதனால்தான்; மனிதன் பார்ப்பான், மான் பார்க்காது. விஸ்கான்சின் மாநிலத்தில் அரசு நிலத்தில் துப்பாக்கிப் பருவத்தில் கூடாரம் போட்டால், எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரிகிற மாதிரி 144 சதுர அங்குலத்துக்கு ஆரஞ்சோ பளிச்சென்ற பிங்க்கோ கட்ட வேண்டும் என்றே விதி. ஆனால் நீலம் மானுக்கு நன்றாகத் தெரியும். துணிக்கு வெண்மை ஏற்ற சோப்புத்தூளில் கலக்கிற சரக்கும் தெரியும். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டியோடு போய் உட்காராதீர்கள், ஜீன்ஸும் வேண்டாம்.

கூடாரத்தைப் போட்ட அன்றே உட்காருவது இன்னொரு விஷயம். மானுக்கு அந்த இடம் மனப்பாடம். நேற்று இல்லாத ஒன்று இன்று நின்றால் சுற்றிப் போகும். இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே நட்டுவிட்டு, அந்த இடத்திலேயே கிடைக்கிற தழையை வெட்டி மேலேயும் பக்கத்திலும் செருகி, நேர்க்கோடுகள் தெரியாமல் உடைத்துவிட வேண்டும். தழை காய்ந்தால் மாற்ற வேண்டும். கயிறு போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். துணி காற்றில் படபடத்தால் ஒரு மானும் வராது.

உள்ளே தரையில் ஒரு சருகு இருக்கக்கூடாது. மண் தெரிகிற வரை கூட்டிவிடுங்கள். மடக்கு நாற்காலி கிறீச்சிடுகிறதா என்று வீட்டிலேயே உட்கார்ந்து பாருங்கள். உள்ளே போவதற்கு முன் ஒரு கழியால் துணியை நாலு பக்கமும் தட்டிவிட்டுப் போங்கள். இங்கே ராட்டில் பாம்பும் குளவியும் தேளும் குடியேறும், உங்களுக்கு என்ன குடியேறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புள்ளிமானில் இன்னொரு சங்கடம், தனியாக வராது. வெள்ளைவால் மான் இரண்டு மூன்றாக வரும். இது கூட்டம். முன்னால் நிற்கிற மானை ஏமாற்றினாலும் பின்னால் ஒரு கிழட்டுப் பெட்டை இருக்கும், அதை ஏமாற்ற முடியாது. லென்சைத் திருப்புவதென்றால் எல்லாத் தலையும் குனிந்திருக்கும்போது திருப்புங்கள். ஒன்று நிமிர்ந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று ஆரம்பித்ததும் உட்காருங்கள். அப்போது காற்று காட்டிலிருந்து உங்களைப் பார்த்து வரும். காலை நேரம் நல்லது.

சின்னாற்றங்கரை:

பாலக்கோட்டுக்காரர் மானைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடைசி வரி மட்டும் சரியில்லை.

ஐப்பசியில் காற்று திரும்பும், உண்மை. அதே ஐப்பசியில்தான் கர்நாடகத்துப் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். தளி, ஜவளகிரி, நொகனூர், சானமாவு என்று பரவும். ராகி பால் பிடிக்கிற வாசம் அதற்குத் தெரியும். உங்கள் மேல்கொல்லையில் ராகி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ராகிக்கும் ஓடைக்கும் நடுவில், தரையில், கறுப்புத் துணிக்குள், மூன்று பக்கம் மூடிக்கொண்டு, காற்று காட்டிலிருந்து உங்களைப் பார்த்து வருகிற மாதிரி ஒரு ஆள். மானுக்கு உங்கள் வாசம் போகாது என்றால் யானைக்கும் போகாது தம்பி. வாசம் கிடைத்தால் பெரும்பாலும் அது ஒதுங்கிப் போகும். கிடைக்காமல் பத்தடியில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? நம் பெரியவர்கள் பரணை மேலே கட்டியது வேடிக்கை பார்க்கவா?

நான் காட்டு வேலையில் தினக்கூலியாகத் தொடங்கி வயதாகும் வரை அங்கேயே இருந்தவன். பண்ணையில் வேட்டை ஆடுகிறவருக்கு யானை கிடையாது, அதனால் அவருக்கு அந்த எண்ணம் வராது. தப்பில்லை.

என் யோசனை இது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கூடாரம் சும்மா நிற்கட்டும். மானுக்குப் பழகட்டும். நீங்கள் உள்ளே போகாதீர்கள். ராகி அறுத்து, களம் அடித்து, போர் போட்டு, மேல்கொல்லை வெறுங்காடாகட்டும். கொள்ளும் பிடுங்கியாகிவிடும். தை பாதிக்கு மேல் யானைக் கூட்டம் திரும்பிப் போக ஆரம்பிக்கும். அப்போதும் காற்று கிழக்கேயிருந்துதான். கொள்ளு பிடுங்கின காட்டில் உதிர்ந்த காயும் சருகும் கிடக்கும், காட்டுக்குள் பசுமை குறைந்துபோயிருக்கும், மான் தானாக வரும். யாரும் உப்பு வைக்க வேண்டாம்.

அப்போதும் விடிந்ததும் ஓடாதீர்கள். எங்கள் பக்கம் யானை மொத்தமும் திரும்பிப் போவதில்லை, ஒண்டி ஆண் ஒன்று இரண்டு தங்கும். நன்றாக வெளுத்த பிறகு வரப்பைச் சுற்றி நடந்து பாருங்கள். யானைச் சாணம் (லத்தி) கிடந்தால் காலால் உடைத்துப் பாருங்கள். உள்ளே சூடோ ஈரமோ இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள், அன்றைக்கு மான் படம் கிடையாது. முள்வேலி ஒரு பக்கம் மிதிபட்டிருந்தாலும் அப்படித்தான். ஒன்றும் இல்லை என்றால் ஏழு மணிக்கு உட்கார்ந்து ஒன்பதுக்கு எழுந்துவிடுங்கள். சாயங்காலம் வேண்டவே வேண்டாம். கூடாரத்துக்குப் பின்பக்கம், வீட்டைப் பார்த்து, எந்தத் தடையும் இல்லாமல் வெளியே வருகிற வழி இருக்க வேண்டும். மேற்குப் பக்கத்தைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடாதீர்கள்.

கரண்ட் கம்பியைப் பற்றி உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்துக் கொல்லையில் மின்வேலியில் சிக்கி மூன்று யானை செத்தது. அந்தச் செய்தியை அவனுக்குக் காட்டுங்கள், அப்புறம் அவன் பேச மாட்டான்.

இன்னொன்று. ஓடை உங்கள் பட்டாவில் சேராது. அஞ்செட்டிக் காட்டில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். காவிரி வடக்கு 2014லும் காவிரி தெற்கு 2022லும் அறிவித்தார்கள். சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். தழை வெட்டக்கூட ஓடைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள், உங்கள் வரப்பிலேயே உண்ணிச்செடி இருக்கும்.

ஓசூர் நித்யா:

நான் பறவைப் படம் எடுக்கிறவள், ஏரிக்கரையில் இதே மாதிரி மறைவுக்குள் உட்காருவேன். வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

காலை ஏழு மணிக்குக் கிழக்கு வரப்பில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் சூரியன் நேராக லென்சுக்குள் இறங்கும். மான் எல்லாம் கறுப்பாக விழும். போதாததற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து உங்கள் முகத்தில் அடிக்கும், பாலக்கோட்டு அண்ணன் சொன்ன கறுப்புத் துணியெல்லாம் வீண். கூடாரத்தை வரப்பின் தெற்கு மூலைக்கு மாற்றி, வடக்கே பார்த்து வையுங்கள். அப்போது வெயில் வலது பக்கத்திலிருந்து மான் மேல் சாய்வாக விழும், புள்ளியும் முடியும் எடுத்துக் காட்டும். தை, மாசியில் காற்று வடகிழக்கு என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். மான் ஓடையைக் கடந்து நேராக வராமல் கொள்ளுக்காட்டில் குறுக்கே மேயும்போது பக்கவாட்டில் கிடைக்கும், எனக்கு அந்தக் கோணம்தான் பிடிக்கும்.

நிழல்வலையைத் தூக்கிப் போட வேண்டாம், வெளியே அது இருக்கட்டும். உள்பக்கம் கறுப்புத் துணி வேண்டும். தக்காளிக்குப் போடுகிற மல்ச்சிங் ஷீட் கறுப்பாக இருக்கிறதே என்று தோன்றும். அது சரசரக்கும், இன்னொரு பக்கம் வெள்ளியாக மின்னும், வேண்டாம். கறுப்புக் காடாத் துணி வாங்கித் தையல்காரரிடம் கொடுத்து, முன்பக்கம் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஒரு கை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், சட்டைக் கை மாதிரி. லென்ஸ் அதற்குள் இருந்தால் திருப்பும்போது துணியே சேர்ந்து திரும்பும், ஓட்டை பெரிதாகாது. பழைய கேமரா என்கிறீர்கள், ஷட்டர் சத்தம் பலமாக இருக்கும். சைலண்ட் மோடு இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் முதல் படத்தை மான் தூரத்தில் இருக்கும்போதே எடுத்துச் சத்தத்தைப் பழக்குங்கள். போகஸ் பீப் சத்தத்தையும் அணைத்துவிடுங்கள், அது பறவையையே விரட்டும்.

ஏப்ரல், மே வந்தால் கொம்பு முற்றிய ஆண்கள் கத்திக்கொண்டு திரியும், அப்போது நல்ல படங்கள் கிடைக்கும். அதற்குள் காற்று மாறிவிடும், விபூதியை மறக்காதீர்கள்.

கொள்ளுக்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. தெற்கு மூலையில் ஒரு பெரிய பாறை இருக்கிறது, அதை ஒட்டிப் போட்டால் முதுகுக்குப் பின்னால் வானமும் தெரியாது. அங்கிருந்து வீட்டுக்கு நேர்ப் பாதையும் உண்டு. நிழல்வலையை இந்த வாரமே அங்கே மாற்றி நட்டுவிடுகிறேன், தை வரை உள்ளே போக மாட்டேன். அம்மாவிடம் சின்னாற்றங்கரை ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன், பாதி சமாதானம்.

பாலக்கோட்டு அண்ணா, ஒரு சந்தேகம். அங்கே பரண் மாதிரி மரத்து மேலும் உட்காருகிறார்களே, பிறகு ஏன் தரையில்? அதே புள்ளிமானைத்தான் சுடுகிறீர்களா?

டெக்சாஸ் பாலக்கோட்டான்:

ஐயா, யானை விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. ஐப்பசியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தம்பி, ஆமாம், அதையும்தான். இங்கே புள்ளிமான் வெளியூர்ப் பிராணிக் கணக்கு. பருவமோ எண்ணிக்கை வரம்போ கிடையாது, வேட்டை உரிமமும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தால் போதும். வெள்ளைவால் மானுக்குப் பருவம் உண்டு, உரிமத்தோடு வருகிற சீட்டைக் கிழித்து ஒவ்வொரு மானோடும் கட்ட வேண்டும். 1971 செப்டம்பர் 2ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். கறியை வீணாக்குவதில்லை. மல்லியும் மிளகும் அரைத்துப் போட்டு என் மனைவி வைக்கிற குழம்புக்கு அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் பாத்திரத்தோடு வருவார்கள்.

மரத்து மேல் உட்கார்ந்தால் வாசம் கொஞ்சம் மேலாகவே போகும், கண்ணும் தப்பும். ஆனால் ஹில் கன்ட்ரியில் ஓக் எல்லாம் குட்டை, கோணல். ஏணி சாய்க்க இடமில்லை. விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. வயதானவர்களும் குழந்தைகளும் உட்காரத் தரைதான் வசதி. ஒரு வித்தியாசம் உண்டு. மேலிருந்து சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும். தரையிலிருந்து சுட்டால் மட்டமாகப் போகும், மானைத் தாண்டியும் போகும். மானுக்குப் பின்னால் குன்றோ மண்மேடோ இருக்கிறதா என்று பார்க்காமல் நான் விரலை வைப்பதில்லை. குழல் நுனி ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே வைத்துச் சுட்டால் காது போய்விடும். பக்கவாட்டில் நிற்க வேண்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரல். சுட்டதும் எழுந்து ஓடாமல் அரைமணி அப்படியே உட்கார வேண்டும். விரட்டினால் காயத்தோடு வெகுதூரம் போய்விடும்.

உங்களுக்கு இதெல்லாம் வேண்டாம். நித்யா சொன்ன பக்கவாட்டுக் கோணம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

சின்னாற்றங்கரை:

கூடாரம் நட்டதும் உங்கள் பகுதி வனக்காவலரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். எந்தச் சர்வே எண், எந்த மூலை, எந்த மாதம் முதல், கேமரா மட்டும் என்று. இரவு ரோந்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணி வைக்கிறவன் குடிசை என்றுதான் தோன்றும். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்கும் தெரிய வேண்டும், யானைக்கு வெடி போடுகிறவர்கள் உங்கள் பக்கம் போட்டுவிடக்கூடாது.

அப்பாவிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் உட்காருகிற காலையில் அவர் தகரத்தைத் தொடக்கூடாது.

கொள்ளுக்காட்டான்:

அதுதான் ஐயா கஷ்டம். கேட்டுப் பார்த்தேன். கொள்ளைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு என்றால் சரி, அதற்கு முன்னால் தட்டத்தான் செய்வேன் என்கிறார்.